செய்தி வாசிப்பவரின் மூன்று பற்கள்

போன இதழில் மருமகளைக் கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நமக்குத்தான் ஒரு வாரம். அவளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தோளில் மாட்டிய கைப்பையை இறக்கத் தோன்றாமல் அதே இடத்தில்தான் நிற்கிறாள், பாவம்.

மாடியில் மூன்று அறைகள் கொண்ட டென்டல் லேப் அது. டாக்டர்கள் வாயில் பொருத்துகிற பற்களைச் செய்து தரும் இடம். முதல் அறையில் கம்ப்யூட்டரும், அதில் வரைந்த பல்லை அப்படியே செதுக்கித் தள்ளும் மில்லிங் மிஷினும். நடு அறையில் பாலிஷ் மோட்டார்கள். கடைசி அறை மாமனாருடையது. அங்கே மெழுகு வாசனையும் பிளாஸ்டர் தூசியும் அவருடைய பழைய ரேடியோவும் குடியிருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்கிரேடு போட்டது மருமகள்தான். மிஷினின் புது சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்தில் ஓடாது என்று மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள். "நல்லா ஓடிட்டு இருக்கறதை எதுக்கும்மா நோண்டணும்?" என்பதுதான் மாமனாரின் ஒரே பதில். கடைசியில் அவளே துணிந்து பொத்தானை அழுத்திவிட்டு, மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டாள். காலையில் வந்தபோது கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. வேலை முடிந்து தானாகவே அணைந்திருக்கும் என்று நினைத்து, தெம்பாகப் பவர் பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு சிமிட்டியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வேறு நாளாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். இன்றைக்கு நாலு மணிக்குள் மூன்று முன்பற்கள் ஊரின் பெரிய பல் டாக்டர் கைக்குப் போயாக வேண்டும். டி.வி.யில் சாயங்காலச் செய்தி வாசிக்கும் அம்மையாருக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மூன்றும் போய்விட்டன. நிரந்தரப் பல் பிறகு. இப்போதைக்குத் தற்காலிகமாக ஒன்று பொருத்தினால்தான் அவரால் இன்று கேமராவுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியும். டாக்டர் அனுப்பிய ஸ்கேனை வைத்து மருமகள் பற்களை நேற்றே வரைந்து முடித்திருந்தாள். அந்த வரைபடம் இப்போது கறுப்புத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

லேபின் பாதி வேலை அந்த டாக்டரிடமிருந்துதான் வருகிறது. போன மாதம் ஒரு தாமதத்துக்கே அவர் முகம் கடுகடுத்தது. "இன்னொரு தடவைன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன்" என்று சொல்லியிருந்தார்.

காலையில் விஷயம் தெரிந்ததும் மாமனார் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு வேலை கெட்டுதுன்னா, இனிமே நீ கம்ப்யூட்டர் பக்கம் போக வேணாம்மா. வெளியில ஒரு ஆளைப் போட்டுக்கலாம்."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட மருமகள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். இந்த அமைதியான பேச்சு அவளை உள்ளுக்குள் குத்திவிட்டது. நான்கு வருஷமாக, பல் பல்லாக வரைந்து கற்றுக்கொண்ட வேலை. அந்த நாற்காலி போனால் தன்னிடம் மிச்சம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு சர்வீஸ்காரர் வந்தார். பையைத் திறந்தார், இரண்டு தடவை ஆன் செய்தார், இரண்டு தடவை உச்சுக் கொட்டினார்.

"சிஸ்டம் போயிடுச்சு மேடம். ஃபார்மட் பண்ணிடலாம். புதுசாப் போட்டுத் தந்துடறேன், சும்மா ஜம்முனு ஓடும்."

"உள்ள இருக்கற ஃபைல்?"

"அது போயிடும்."

"போயிடும்னா?"

"போயிடும்னா... போயிடும்தான்."

கதவருகே நின்ற மாமனார் தலையாட்டினார். "சரி, செய்யச் சொல்லும்மா. வேற வழி?"

சர்வீஸ்காரரின் விரல் கீபோர்டை நோக்கி இறங்கியது. மருமகள் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். கைப்பை அப்போதுதான் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"கையை எடுங்க சார். யாரும் எதையும் தொட வேணாம்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சர்வீஸ்காரர் மாமனாரைப் பார்த்தார், மாமனார் மருமகளைப் பார்த்தார். சர்வீஸ்காரர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

கை நீட்டித் தடுத்தாகிவிட்டது. அடுத்து என்ன? அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் கடுகுதான். மாமனாரின் ஒரே மகள், இவளுடைய நாத்தனார். ஆள் குள்ளம், பேச்சு சுள்ளென்று இருக்கும், அதனால் வீட்டில் வைத்த பெயர். ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்ப்பது அவள் வேலை. டென்டல் லேப் படிப்பும் படித்தவள். இந்த மில்லிங் மிஷினை வாங்கலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

வாசகர்களுக்கு அந்தச் சண்டையை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. "கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு இந்த மிஷின் எதுக்கு?" என்று அப்பா கேட்டார். அதே வாய், மிஷின் வந்ததும் மருமகளை அதன் முன்னால் உட்கார வைத்தது. கடுகு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது அண்ணியிடம் சொன்னது ஒன்றுதான்: "என் நாற்காலி உங்களுக்கு நல்லா பொருந்துது." அதன் பிறகு அவள் இந்தப் படி ஏறவில்லை.

மருமகள் போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். மானம், ரோஷம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் விழுங்கிவிட்டு எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க அண்ணி."

"கடுகு, நான் உனக்கு போன் பண்றேன்னா எந்த நிலைமையில இருப்பேன்னு பாத்துக்கோ."

கடுகு உடனே கேட்டாள்.

"யாராவது ஃபார்மட் பண்ணிட்டாங்களா?"

"இல்ல. பண்ண விடல."

"அப்பாடா! அண்ணி, அதைத் தொடாதீங்க. நான் வர்றேன்."

கடுகு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தபோது மாமனார் தன் அறைக்குள் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கடுகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உட்காரு" என்று மருமகள் நாற்காலியை நகர்த்தினாள்.

"நீங்க உட்காருங்க. நான் அதுல உட்கார மாட்டேன்."

"இப்பவா கடுகு இந்த வம்பு?"

"நான் சொல்றேன், நீங்க அடிங்க. அவ்வளவுதான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மருமகள் உட்கார்ந்தாள். நாத்தனார் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"முதல்ல கம்ப்யூட்டரை இந்தப் பென்டிரைவிலேர்ந்து கிளப்பணும். உள்ள இருக்கற சிஸ்டம் படுத்துக் கிடக்குது, அதை எழுப்பப் போக வேணாம். ஆன் பண்ணதுமே மேல் வரிசையில இருக்கற இந்தக் கீயைத் தட்டிட்டே இருங்க. ஒரு நொடிதான் டைம் குடுக்கும்."

முதல் தடவை மருமகள் தாமதித்துவிட்டாள். இரண்டாம் தடவை அவசரப்பட்டு வேறு கீயைத் தட்டினாள். மூன்றாம் தடவை மரங்கொத்தி மாதிரி கொத்தித் தள்ளியதில் திரை நீலமாக மலர்ந்தது. காலையிலிருந்து பார்த்த கறுப்புக்கு அந்த நீலமே பெரிய நிம்மதியாக இருந்தது.

"பேக்கப் இருக்கா அண்ணி?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. அந்த அம்மாவோட ஸ்கேன் நேத்துதான் வந்துது."

"அப்போ முதல் வேலை அதைக் காப்பாத்தறது. சிஸ்டம் எழுந்தாலும் எழாட்டியும் ஃபைல் நம்ம கையில இருக்கணும்."

கடுகு சொல்லச் சொல்ல மருமகள் கட்டளைகளை அடித்தாள். பட்டியல் ஓடியது. நேற்றைய தேதியோடு ஒரு ஃபோல்டர் தெரிந்ததும் மருமகள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். "இருக்கு! பல்லு இருக்கு!" அதைப் பென்டிரைவுக்குப் பிரதி எடுத்து முடிக்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. ஃபைல் மட்டும் போதுமா என்றால் போதாது. மில்லிங் மிஷின் இந்தக் கம்ப்யூட்டரின் பேச்சைத்தான் கேட்கும். வேறு கம்ப்யூட்டர் எத்தனை உசத்தியாக இருந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அப்கிரேடு எந்த இடத்துல நின்னுதுன்னு அதுவே எழுதி வெச்சிருக்கும். பேரைப் போட்டுத் தேடித் திறங்க, பார்க்கலாம்" என்றாள் கடுகு. கடைசி வரியில் விரலை வைத்தாள். "ஏழு மணி சொச்சம். பாதி எழுதிட்டு இருக்கும்போதே உயிர் போயிருக்கு. நேத்து சாயங்காலம் இங்க கரண்ட் போச்சா?"

"இல்லையே. அதோட யு.பி.எஸ். இருக்கே, கொஞ்ச நேரம் தாங்குமே."

"கொஞ்ச நேரம்தான் தாங்கும்."

பக்கத்து அறையில் ரேடியோ நின்றது.

மாமனார் மெதுவாக வெளியே வந்தார். கையில் பிளாஸ்டர் அப்படியே காய்ந்திருந்தது. ஒருமுறை மெழுகுச் சட்டியை அணைக்க மறந்து ஜன்னல் திரை பற்றிக்கொண்ட நாளிலிருந்து, லேபைப் பூட்டும்போது வாசலில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது அவர் பழக்கம். காலையில் முதலில் வந்து அதை ஏற்றுவதும் அவரே. அது அவர் கைக்கே தெரியும், அவரைக் கேட்காது.

"மாமா, நான் திரையில சீட்டு ஒட்டிட்டுத்தானே போனேன்? அணைக்காதீங்கன்னு?"

"பார்த்தேனே! அதனாலதான் கம்ப்யூட்டரை நான் தொடவே இல்லம்மா. ரெண்டு தடவை படிச்சுட்டு, பத்திரமா ஓடட்டும்னு கதவைச் சாத்திட்டு..." அவர் நிறுத்தினார். கண் தானாக வாசல் பக்கம் போயிற்று. "கதவைச் சாத்திட்டு மெயினை இறக்கிட்டேன்."

பூட்டிய அறைக்குள் யு.பி.எஸ். மட்டும் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது.

மருமகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. காலையிலிருந்து தலையில் ஏற்றி வைத்திருந்த பாரமெல்லாம் அந்தச் சிரிப்போடு இறங்கிப் போயிற்று. கடுகும் சிரித்தாள், ஆனால் சுவரைப் பார்த்தபடி.

"அண்ணி, பெரியவர்கிட்ட சொல்லுங்க, இன்னைக்கு மட்டும் மெயின் பக்கம் போக வேணாம்னு."

"அவகிட்ட சொல்லும்மா, எனக்குக் காது கேட்கும்னு."

நடுவில் மாட்டிய மருமகள் இரண்டையும் சொல்லவில்லை.

"சரி, பாதியில நின்ன வேலையை எல்லாம் திருப்பி எடுத்துடுன்னு கட்டளை குடுக்கணும்" என்றாள் கடுகு. "பழைய சிஸ்டம் பழையபடி வந்துடும். சி டிரைவுன்னு அடிங்க."

அடித்தாள். திரை சிவப்பாக ஒரு வரியைத் துப்பியது: செய்ய முடியவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி அதே சிவப்பு. கடுகின் நெற்றி சுருங்கியது. வேறு விதமாகச் சொன்னாள், அதுவும் எடுபடவில்லை. கடிகாரத்தில் மணி ஒன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. செதுக்க ஒரு மணி நேரம், பாலிஷுக்கு ஒரு மணி நேரம் என்று மருமகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். 

"இப்படி வராதே" என்று கடுகு முணுமுணுத்தாள். அவள் குரலில் முதல் தடவையாகச் சுள்ளென்ற காரம் இல்லை. "ஒருவேளை அந்த சர்வீஸ் ஆள் சொன்ன மாதிரி..."

"இரு, இரு." மருமகள் திரைக்கு அருகே குனிந்தாள். "அந்த சி டிரைவுல என்னென்ன இருக்குன்னு காட்டச் சொல்லேன்."

பட்டியல் வந்தது. மருமகள் ஒரு கணம் பார்த்தாள். அவள் கை வைத்து அடுக்கிய வீடு அது. எந்த ஃபோல்டர் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

"கடுகு, இது சிஸ்டமே இல்ல. இது என்னோட பேக்கப் டிஸ்க். போன வருஷம் நான் போட வெச்சது."

"ரெண்டாவது டிஸ்க் இருக்கா? நான் இருந்தப்போ ஒண்ணுதானே?"

"நீ போனப்புறம் போட்டது."

கடுகு தலையில் அடித்துக்கொண்டாள். "பென்டிரைவிலேர்ந்து கிளப்பினா பேரெல்லாம் இடம் மாறிடும் அண்ணி! நான் இவ்வளவு நேரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன். டின்னு போடுங்க, டி!"

மருமகள் டி என்று போட்டாள்.

சிவப்பு வரவில்லை. ஒரு கோடு மெல்ல நீண்டது. பாதியில் நின்று யோசித்தது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல் கடைசிவரை ஓடி முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தார்கள். கறுப்பு. மூலையில் வெள்ளைக் கோடு. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் கண்ணை மூடவில்லை. அந்தக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். வாடி, வந்து பார், என்னைவிட்டு எங்கே போய்விடுவாய் என்பது மாதிரி ஒரு முறைப்பு.

கோடு மறைந்தது. வட்டம் ஒன்று சுழல ஆரம்பித்தது. 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று ஒரு வரி. அது முடிவதற்குள் மூவருக்கும் வயது ஏறியது. பிறகு சட்டென்று, ஒன்றுமே நடக்காத மாதிரி, முன்பல் இல்லாமல் சிரிக்கும் தன் குட்டி மகளின் புகைப்படத்தோடு மருமகளின் பழைய திரை வந்து நின்றது.

"வந்துடுச்சு!"

யார் கத்தியது என்று இன்றுவரை தகராறு. மருமகள் எழுந்து நாத்தனாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். கடுகின் செருப்பு ஒன்று கழன்று மிஷினுக்கு அடியில் போய்விட்டது. "இறக்குங்க அண்ணி, மானம் போகுது" என்றாள், கழுத்தை விடாமல்.

அப்புறம் பேச நேரமில்லை. மருமகள் வரைபடத்தைத் திறந்தாள். மூன்று பற்களும் நேற்று விட்டபடியே பளிச்சென்று நின்றன. மில்லிங் மிஷினுக்குள் பல் செதுக்கும் வெள்ளை வில்லையை மாட்டிக் கதவை மூடினாள். உள்ளே ஊசி இறங்கிச் செதுக்கத் தொடங்கிய சத்தம் இருக்கிறதே, அதைவிட இனிய சங்கீதத்தை அவள் கேட்டதில்லை.

செதுக்கிய பற்களை மாமனார் வாங்கிக்கொண்டார். பாலிஷ் வேலையில் அவர் கையை அடித்துக்கொள்ள ஆளில்லை. சக்கரத்தில் காட்டிக் காட்டி எடுத்தார். பல் ஈரமாகவே பிறந்தது மாதிரி மினுங்க ஆரம்பித்தது. ஓரத்தை உற்றுப் பார்த்தவர், தலை நிமிராமலே சொன்னார்.

"கடுகு, அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு."

நாலு வருஷத்தில் அப்பா மகளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. ஒற்றைச் செருப்போடு நின்ற கடுகு விளக்கைத் திருப்பிப் பிடித்தாள். அவள் கண் கலங்கியதை மருமகள் பார்த்தாள், பார்க்காத மாதிரி பல் வைக்கும் பெட்டியைத் துடைத்தாள்.

மூன்றரைக்கு ஸ்கூட்டர் பறந்தது. அண்ணி பின்னால், மடியில் பல் பெட்டி. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாக்டரின் மேஜையில் வைத்தார்கள்.

ஐந்து மணிக்கு லேப் போன் அடித்தது. மாமனார்தான் எடுத்தார். டாக்டரின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உற்சாகமாக இருந்தது.

"ஒரு இடத்துலகூட உரசல! அப்படியே போய் உட்கார்ந்துச்சு. யார் டிசைன் சார்?"

"என் மருமக. இனிமே கம்ப்யூட்டர் சம்பந்தமா எதுன்னாலும் அவகிட்டயே பேசுங்க டாக்டர். அவ சொன்னா சரியா இருக்கும். நான் சொன்னா மெயின் போயிடும்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் கலங்காத கண் இப்போது கலங்கிவிட்டது. நான்கு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை இது. கேட்டுவிட்டாள்.

ஏழு மணிக்கு மூவரும் மாமனாரின் போனில் செய்தி பார்த்தார்கள். அம்மையார் வணக்கம் சொன்னார், சிரித்தார், தலைப்புச் செய்திகளைத் தடங்கலில்லாமல் பொழிந்தார். நாட்டில் என்ன நடந்தது என்று இவர்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. "அந்த நடுப்பல்லைப் பாரு, என்ன அழகு!" என்று மாமனார் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடுகை வழியனுப்ப மருமகள் கீழே இறங்கினாள். ஸ்கூட்டரில் சாவியைப் போட்ட கடுகு அதைத் திருப்பவில்லை.

"அண்ணி, இன்னைக்குக் காலையில உங்களுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு போன் வந்துது. உங்க பெரிய டாக்டர்கிட்டேர்ந்து. அவரே சொந்தமா ஒரு லேப் ஆரம்பிக்கறாரு. அதை நடத்த என்னைக் கூப்பிட்டிருக்காரு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

மருமகளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க லேப் இன்னைக்குச் சொதப்பினா, எல்லா வேலையும் அங்க மாத்திடறேன்னும் சொன்னாரு."

"தெரிஞ்சுமா வந்த? கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தா உனக்கே எல்லாம் வந்திருக்குமே?"

"மெயினை இறக்கினதால ஜெயிச்சேன்னு இருக்கக் கூடாது அண்ணி. ஜெயிச்சா உங்ககிட்ட ஜெயிக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகளின் உதட்டில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறியது. பயமில்லாத சிரிப்பு. காலையில் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றவளிடம் அது இல்லை.

"வாடி. ஒரு கை பார்த்துடலாம்."

"அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று கடுகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மருமகள் படியேறினாள். மேலே மாமனாரின் குரல் கணீரென்று கேட்டது. மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றும் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் இத்தனை சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"ஆமாண்டா, நிஜமாத்தான் சொல்றேன்! உன் தங்கச்சி திரும்பி வந்துட்டாடா! இனிமே ரெண்டு பொண்ணுங்களும் என் லேப்லதான்!"

கடைசிப் படியில் கால் வைத்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.